ரேஸுக்கு முதுகு காட்டி

— கொடியை மேசையில வெச்சிட்டுக் கிளம்புங்க. கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு.

— ரேஸ்ல நிக்க எல்லாருக்கும் ஆளுக்கொரு வளைவு பிரிச்சுக் குடுத்தே. எனக்கு மட்டும் எந்த வளைவுன்னு சொல்லலையே?

— உங்களுக்கு வளைவே கிடையாது. சைக்கிள் ரேஸுக்கு மார்ஷலா நிக்கிறது விளையாட்டு இல்ல, புரியுதா?

— விசில் சரியாத்தானே ஊதினேன்? காரை நிறுத்தக் கை காட்டினப்போ நீயே தலையாட்டினே.

— ஆட்டினேன். வந்திருக்கிறது யாருன்னு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. மத்த வாலண்டியருங்க வாயில விழ வேணாம்னு பொறுத்துக்கிட்டிருந்தேன்.

— என்னவோ, நாத்தனாருக்கு என்னை அடையாளம் தெரியாதுன்னு நெனச்சேன்.

— நாத்தனார், அண்ணி எல்லாம் நீங்க எங்க வீட்டை விட்டு இறங்கின அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. இங்க நான் நடுவர். ஓட்டுற பிள்ளைங்களோட பெத்தவங்களை மார்ஷலா போடறதில்ல. உங்களை மட்டும்னு இல்ல, யாரையும்தான்.

— பெத்தவங்க நின்னா என்னவாம்?

— மார்ஷல் ரேஸுக்கு முதுகு காட்டி நிக்கணும். சந்துலேர்ந்து எந்த வண்டி மூக்கை நீட்டுதுன்னுதான் பாக்கணும். பின்னால ஊரே கத்தினாலும் திரும்பக் கூடாது. ஒருத்தர் விழுந்தாக்கூட இடத்தை விட்டு நகராம, அடுத்து வர்றவங்களுக்குக் கொடியை ஆட்டணும். விழுந்தது நீங்க பெத்த பொண்ணுன்னா நிப்பீங்களா?

— நிப்பேனான்னு தெரியல.

— முதுகு காட்டறது மட்டும் உங்களுக்கு நல்லா வரும். மூணு வயசுப் பிள்ளைக்கே காட்டினவங்க.

— பேசு. உனக்கு அந்தப் பாத்தியதை உண்டு.

— பாத்தியதையா? அந்தப் பிள்ளைக்கு, என் குருவிக்கு, காய்ச்சல்னா விடிய விடிய மடியில போட்டுக்கிட்டவ நான். சீட்டைப் பிடிச்சுக்கிட்டு அவ சைக்கிள் பின்னாடி மூச்சிரைக்க ஓடினவ நான். எனக்கு வந்த வரனையெல்லாம் தட்டிக் கழிச்சது எதுக்கு, புரியுதா?

— பாப்பாவ நீ நல்லா வளர்த்திருக்கே. இல்லேன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது.

— பாப்பா கீப்பாங்கிற வேலையெல்லாம் வேணாம்.

— சரி. உங்கண்ணன் என்னை அடிச்சப்போ நீ அடுத்த ரூம்லதானே இருந்தே? சத்தம் கேக்கல?

— கேட்டுச்சு.

— வெளிய வந்து ஒரு வார்த்தை சொன்னியா?

— செத்தவரை இப்ப எதுக்கு இழுக்கறீங்க?

— அவரை விடு, உன்னைக் கேக்கறேன். பிள்ளையத் தூக்கிட்டுப் போகலாம்னு திரும்பி வந்தேனே, உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டது யாரு?

— நான்தான். இப்ப வந்தாலும் போடுவேன். ஒண்ட ஒரு இடமில்லாம நின்னீங்க. பிள்ளைய எங்க படுக்க வெச்சிருப்பீங்க?

— என்னவோ, தரையில கிடந்தாலும் எங்கூடக் கிடந்திருக்கும்.

— பேச நல்லாத்தான் இருக்கும். இங்க பாருங்க, ஞாயித்துக்கிழமை அவளுக்கு முதல் பெரிய ரேஸ். அந்த இறக்கத்துல காத்து மாதிரி வருவா. நீங்க அழுதுகிட்டு நடுரோட்டுக்கு வந்தீங்கன்னா என்ன ஆகும்? அவளுக்கு உங்க மூஞ்சியே தெரியாது. இத்தனை வருஷத்துல அம்மா எங்கேன்னு ஒரு தடவை கேட்டதில்ல.

— உங்கிட்ட கேட்டதில்ல.

— என்ன சொல்றீங்க?

— போன வருஷம் அவளாத்தான் என்னைத் தேடி வந்தா. அதுலேர்ந்து வந்துக்கிட்டுத்தான் இருக்கா.

— பொய்.

— நீ வாங்கிக் குடுத்த புது ஹெல்மெட் நெத்தியில அழுத்துதாம். சொன்னா அத்தை சங்கடப்படுவாங்கன்னு போட்டுக்கிட்டிருக்கா.

— எங்கிட்ட சொல்லலையே... எனக்கு நல்லாருக்கு அத்தைன்னுதானே சொன்னா.

— ரேஸ் முடிஞ்சதும் அவ எங்கூட வந்துடறா. இனிமே அங்கதான் இருப்பா. உங்கிட்ட நேர்ல சொல்ல அவளுக்குத் தைரியம் வரல. என்னை அனுப்பினா.

— இதைச் சொல்லத்தானா காலையிலேர்ந்து கொடியைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நின்னீங்க? வந்ததுமே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

— கிளாஸ் நடக்கும்போதே சொல்லிடும்மா, அத்தனை பேர் முன்னாடி அத்தை அழமாட்டாங்கன்னுதான் அவ சொல்லி அனுப்பினா. எனக்குத்தான் மனசு கேக்கல, எல்லாரும் போகட்டும்னு நின்னேன்.