இடது முன் கதவு

டீ வேண்டாம், சார். உங்கள் ஸ்டேஷன் வாசல் கதவின் கீழ்க் கீல் தேய்ந்துவிட்டது. திறக்கும்போதெல்லாம் தரையில் கோடு போடுகிறது. இத்தனை பேர் தினமும் திறக்கிறீர்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஆவடி தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். பார்வை தானாகப் போகிறது. எழுதுகிறவர் என் பெயரை வேதமூர்த்தி என்று போட்டிருக்கிறார். வேதமுத்து.

திருவேங்கடம் பட்டாபிராமில் என் அடுத்த வீட்டுக்காரர். அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தவர். எதைச் சொன்னாலும் “பரவால்ல சார், அட்ஜஸ் பண்ணிக்கலாம்” என்பார். தொழிற்சாலை அணிவகுப்பு நாளில் பொத்தான் இல்லாத சட்டைக்கு ஊக்கு குத்திக்கொண்டு வந்தவர். இப்படிப்பட்டவரைத்தான் ஊருக்கெல்லாம் பிடிக்கிறது. ஏன் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. தங்களைவிட மட்டமான ஒருவர் பக்கத்தில் இருந்தால் மனிதர்களுக்கு நிம்மதி.

ரிட்டயர் ஆன கையோடு, தொண்ணூற்றிரண்டில், ஐம்பத்தாறாம் வருஷத்து ஃபியட் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். புதுசு போல ஆக்கப் போகிறாராம். அந்த வண்டியில் நான்கு கதவுகளும் நடுத்தூணில் தொங்கும். முன் கதவுகள் முன்னாலிருந்து பின்னால் திறக்கும். ஓடும்போது இளகினால் எதிர்க்காற்றே அதைப் பிடித்து இழுத்து விரித்துவிடும். அதனால்தான் பிற்பாடு அப்படிச் செய்வதை விட்டார்கள். இதை அவரிடம் முதல் நாளே சொன்னேன்.

“அப்டியா சார்? பாக்க சோக்கா கீதுல்ல?” என்றார்.

நான்கு கதவுகளையும் ஒரே காலையில் கழற்றினார். கழற்றுவதற்கு முன்னால் கீலைச் சுற்றிக் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். கீலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளைத் தனித்தனியாகக் கட்டி வைக்க வேண்டும். அவர் எல்லாத் தகடுகளையும் எல்லா போல்ட்டுகளையும் ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். பெயின்ட் அடித்து மறுபடி மாட்டியபோது ஒரு கதவும் சாத்தவில்லை. முழங்காலால் இடித்தார். மதில் மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. “தள்ளுங்கள்” என்றேன்.

இரண்டரை மாதம் ஆயிற்று. ஜாக்கின் மேல் சாக்கை மடித்துப் போட்டுக் கதவைத் தாங்கி, பின் கதவுகளை முதலில் மாட்டி, அதற்குப் பிறகு முன் கதவுகள். தகடு வைத்து, எடுத்து, அரத்தால் ராவி, மறுபடி வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு நூல் இடைவெளி வரும்வரை. திருவேங்கடம் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். வீட்டில் யாரும் என்னைத் தேடவில்லை. என் மனைவி ஞானகுமாரி பதினோரு வருஷமாக அவசியத்துக்கு மட்டும்தான் என்னோடு பேசுகிறாள். வேலை செய்கிறவனுக்கு அது ஒரு வசதி.

அந்த வீட்டில் காது உள்ளவர் சுசீலா அம்மாள் ஒருவர்தான் என்று நினைத்தேன். திருவேங்கடத்தின் மனைவி. முதல் கதவை நான் சாத்திக் காட்டியபோது, கையில் டீயோடு நின்றுவிட்டார். “இன்னாண்ணே இது, பேங்க் பெட்டகம் மாதிரி சாத்துது!” என்றார். இன்னொரு முறை சாத்தச் சொன்னார். சாத்தினேன். முப்பத்தொரு வருஷத்தில் யாரும் என் வேலையை இன்னொரு முறை கேட்டதில்லை.

அந்தக் கதவின் லாக் போய் மாட்டுகிற கொண்டி முன்தூணில் திருகியிருக்கும். அதில் இரண்டு பல் உண்டு, சார். முதல் பல்லில் மாட்டினால் கதவு சாத்தியதுபோல இருக்கும். இரண்டாவது பல்லில் மாட்டினால்தான் சாத்தியது. அதற்குக் கொஞ்சம் இழுத்துச் சாத்த வேண்டும். நல்ல கதவு அந்த மரியாதையைக் கேட்கும்.

வேலை முடிந்த நாலாம் நாள் போனேன். சுசீலா அம்மாள் சிரித்த முகமாகக் கூப்பிட்டார். “அண்ணே, இத்த பாருங்க. கதவு பலமா கீதுன்னு சொன்னேன். இவரு லாக் மாட்டுற கொண்டியோட ஸ்குரூவ லூஸ் பண்ணி கொஞ்சம் வெளியே தள்ளிட்டாரு. இப்பதான் நல்லா கீது. ஒரு விரலாலே தள்ளுனா சாத்திக்குது.”

ஒரு விரலால் தள்ளியும் காட்டினார். இடது முன் கதவு. டிக் என்றது.

“பரவால்லல்ல சார்?” என்றார் திருவேங்கடம்.

“உங்கள் வண்டி” என்றேன்.

மறுநாள் காலை அவர்கள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது தனியாகப் பார்த்தேன். முதல் பல்லோடு நின்றது, அதுவும் நுனியில். தோளால் உள்ளிருந்து தள்ளினேன். மூன்றாம் தடவை திறந்துகொண்டது. சட்டைப் பையில் திருப்புளி இருந்தது. கொண்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அது அவருடைய வேலை. இன்னொருவர் வேலையில் கை வைப்பது எனக்குப் பழக்கமில்லை. அவர் சரியாக முடுக்காமல் விட்டிருந்த திருகுகளை மட்டும், அவர் வைத்த அதே இடத்தில், நன்றாக முடுக்கினேன். லூசாக விட்டிருந்தால் ஆட்டத்தில் நகர்ந்து தற்செயலாகச் சரியாகிக்கூடப் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் கோயிலுக்குக் கிளம்பினார்கள். வண்டிக்கு மாலை, எலுமிச்சம்பழம், தெருவில் பாதிப் பேர். சுசீலா அம்மாளின் தம்பி மனோகரன் முன் சீட்டில் உட்காரப் போனார். அம்மாள் பின் கதவைத் திறந்தார்.

பின் கதவு, சார், நான் மாட்டியபடியே இருந்தது. அதை யாரும் தொடவில்லை. அங்கே உட்கார்ந்தால் அவருக்கு ஒன்றும் தெரிய வந்திருக்காது.

“முதல் சவாரி. நீங்கள் முன்னால் உட்காருங்கள்” என்றேன்.

“ஐயோ, தம்பி உக்காரட்டும்ணே.”

“வீட்டுக்காரம்மா பின்னால் உட்காரலாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். மனோகரன் விலகிப் பின்னால் போனார். அம்மாள் உட்கார்ந்து, ஒரு விரலால் இழுத்து, கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியாக, “அண்ணே, எல்லாம் பாத்துட்டீங்கல்ல?” என்றார்.

“பார்த்துவிட்டேன்” என்றேன். அதில் பொய் இல்லை.

நசரத்பேட்டை தாண்டி, பெங்களூர் ரோட்டில், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கதவு விரிந்தது. அம்மாள் கைப்பிடியை விடாமல் பிடித்து இழுக்கப் பார்த்திருக்கிறார். காற்றோடு இழுபறி செய்தால் யார் போவார்கள் என்பது கணக்கு. பின்னால் வந்த லாரிக்காரன் மேல் குற்றமில்லை. அவன் எங்கே திருப்புவான்?

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு சொல்லை நான் நினைக்கவில்லை. கதவு திறக்கும் என்று தெரியும். திறந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் என்ன ஆவார் என்றும் தெரியும். எந்தச் சத்தம் சரியான சத்தம் என்று அந்த அம்மாளுக்கு ஒரு தடவை விளங்க வேண்டும், அவ்வளவுதான். விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சாவுக்குப் போனேன். திருவேங்கடம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “நீ அவ்ளோ சொன்னியே சார், நான் கேக்கலியே” என்று அழுதார். அவர் சொன்னதில் சரியாக இருந்த ஒரே விஷயம் அதுதான். அத்தோடு விட்டிருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஆனால் நேற்று மனோகரன் வந்து, உங்கள் ரிப்போர்ட்டில் கீல் சரியாகப் பொருத்தப்படாததால் கதவு கழன்றது என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அதனால்தான் இன்று முதல் பஸ்ஸில் வந்தேன். கதவு கழலவில்லை, சார். நீங்களே போய்ப் பாருங்கள், வண்டி பின்னால்தான் நிற்கிறது. அத்தனை வேகத்தில் விரிந்து, ஒரு ஆளின் பாரத்தையும் தாங்கி, அந்தக் கதவு இன்னும் நேராகத் தொங்குகிறது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். மற்றதற்கெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.