நிர்மலாதேவியை ஆட்டோவில் ஏற்றியது குறித்து

என் பெயர் குள்ளம்மாள், வயது 52, கணவர் முனியப்பன் (காலமாகிவிட்டார்). தர்மபுரி மாவட்டம், தொப்பூர் அருகே பள்ளிக்கூடத் தெருவில் குடியிருக்கிறேன். பள்ளிச் சத்துணவு மையத்தில் பதினாறு வருடமாகச் சமையலர். அதே மையத்தின் அமைப்பாளர் நிர்மலாதேவியை, வயது 41, நான் பலவந்தமாகக் கொண்டுபோய் மருத்துவமனையில் அடைத்ததாக அவருடைய அண்ணன் அருள்குமார் கொடுத்த மனு மீதான விசாரணைக்கு இன்று ஆஜராகிச் சொல்வதாவது:

நிர்மலாதேவிக்கு எட்டு வருடமாக மனநோய் உள்ளது. மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பார், பள்ளியில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் சொல்வார். இரண்டு வருடம் முன்பு நோய் முற்றியபோது, தன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த அருள்குமார் அவரைப் பத்தொன்பது நாள் அறையில் பூட்டி வைத்து, சத்தம் வெளியே கேட்காதபடி டி.வி.யைச் சத்தமாக வைத்திருந்தார். அதன் பிறகு நிர்மலாதேவி குணமாகி, என்னுடன் அரசு மருத்துவமனைக்கு வந்து, மறுபடி நோய் வந்தால் வீட்டில் பூட்டாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றும், தன் சார்பில் முடிவு சொல்லும் பிரதிநிதியாக என்னைப் போடுவதாகவும் முறைப்படி எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும், "அக்கா, அந்த நேரத்துல நான் வேணாம்னுதான் சொல்லுவேன், உங்களத் திட்டுவேன். அதக் கேக்காதீங்க" என்றார். நான் சரி என்றேன்.

சென்ற மாதம் 9ஆம் தேதி முதல் அவர் தூங்கவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டார். 14ஆம் தேதி காலை பத்து மணிக்கு, கணவாய் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணப்பன் போன் செய்து, அவர் நடுரோட்டில் நின்று லாரிகளை மறித்து டிரைவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதாகச் சொன்னார். நான் அறிவழகனின் ஆட்டோவில் போனேன். நான் இறங்கும்போதே ஒரு லாரி பிரேக் போட்டு அவருக்கு நாலடி தள்ளி நின்றது. வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்தேன், கடித்தார். அதன் பிறகு நானும் அறிவழகனும் கிருஷ்ணப்பனும் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றினோம். மருத்துவமனை வரை அவருடைய இரண்டு கையையும் என் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தேன். வழியில், "அண்ணன் பூட்டுனான், நீங்க அமுக்குறீங்க" என்றார். நான் விடவில்லை.

அங்கே இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பரிசோதித்துச் சேர்க்க வேண்டும் என்றார்கள். பிரதிநிதி என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு அருள்குமாருக்குப் போன் செய்தேன். எங்க வூட்டு மானத்தை ரோட்டில் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதல் ஞாயிறு பார்க்கப் போனபோது நிர்மலாதேவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுத்த ஞாயிறு தலைவாரிப் பூ வைத்திருந்தார். "நீங்க செஞ்சது சரிதாங்க்கா. ஆனா உங்க கையப் பாத்தா பயமா இருக்குதுங்க" என்றார். பிரதிநிதியாக இனி எங்கள் பள்ளி மலர்விழி டீச்சரைப் போட வேண்டும் என்றார். அது அவருடைய உரிமை என்று டாக்டர் சொன்னார். டீச்சரை நானே நேற்று அழைத்துப் போனேன். அவர்கள் எழுதி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மனுவில் கண்டபடி அவர் வரமாட்டேன் என்றதும், நான் கையை அமுக்கிப் பிடித்ததும் உண்மை. அவரைக் கேட்காமல் செய்தேன் என்பது உண்மையல்ல.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) மு. குள்ளம்மாள்
என் முன்பாக: உதவி ஆய்வாளர்