ஈரம் குடித்த பொடியும் உடையாத வில்லையும்

நான் என்ன உளறப்போகிறேனோ என்று இப்போதே நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் அவைத்தலைவரே, எங்கள் ஆய்வகத்தின் தலைவரே, ஆன்றோரே, அன்பால் எங்களை ஆளும் அன்னையரே, உலையோடு உலையாய் வெந்த தோழர்களே, என்னோடு ஒரே வீட்டிலும் ஒரே ஆய்வகத்திலும் மல்லுக்கட்டும் என் அண்ணியாரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு இன்று தலைகால் புரியவில்லை. ஏன்? பொத்தான் அளவு பீங்கான் வில்லை ஒன்று உடையவில்லை. அதற்கா இந்த ஆட்டம் என்கிறீர்களா? கேளுங்கள்.

பெரோவ்ஸ்கைட் என்ற படிகக் குடும்பத்தில் ஈய டைட்டனேட் என்று ஒரு பிள்ளை. உள்ளே அணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும்: மூலைகளில் ஈயம், நடுவே டைட்டானியம், முகங்களில் ஆக்சிஜன். உலையில் கொதிக்கையில் பெட்டி எல்லாப் பக்கமும் சமமாய், சமர்த்தாய் இருக்கும். ஆறினாலோ ஒரு பக்கமாய் நீளும். ஒன்று கிழக்கே இழுக்க, ஒன்று மேற்கே இழுக்க, பங்காளிச் சண்டை மூளும். கதவைத் திறந்தால் வில்லை இருக்காது, தூள் இருக்கும். தூய்மை தூய்மை என்று துதிக்கிறோமே, அந்தத் தூய்மை தன்னையே தாங்க முடியாமல் நொறுங்குகிறது ஐயா.

மருந்து? லாந்தனம் என்ற உலோகம். கொஞ்சம் கலந்தால் ஈயத்தின் இடம் சிலவற்றில் அது போய் அமரும். நீட்டம் குறையும், சண்டை தணியும், வில்லை நிற்கும். படித்தோம், கலந்தோம், சுட்டோம். உடைந்தது. மறுபடி சுட்டோம். மறுபடியும் உடைந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி வந்தார். "இன்னும் ஒரு தடவை பாருங்க. அதுவும் போச்சுன்னா உலையை மூடிடலாம்" என்றார். மூடினால் அண்ணிக்கு வேறு ஊருக்கு மாற்றல், உத்தரவுகூடத் தயார். அண்ணனையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். அன்று அண்ணி தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் எங்கள் ஆய்வகத் தலைவர் லாந்தனம் ஆக்சைடு புட்டியைத் திறந்து, பொடியை அப்படியே தராசில் கொட்டினார்.

"சார், இதைச் சுட்டு உலர்த்துனீங்களா?" என்றார் அண்ணி.

"எதுக்கும்மா? சுத்தமான சரக்குன்னு புட்டியிலயே போட்டிருக்கே."

"மூடி திறக்கிற வரைக்கும் சுத்தம் சார். அப்புறம் காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சிக்கிட்டே இருக்கும். நாம தண்ணியையும் லாந்தனம்னு நினைச்சு எடை போட்டிருக்கோம். உள்ள போனது குறைச்சல்."

யார் அங்கே பின்வரிசையில் சிரிப்பது? தலைவரே சிரித்தார் ஐயா. "அசடு வழியுதும்மா எனக்கு" என்று தராசை அண்ணியிடம் தள்ளினார். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

பொடியைச் சுட்டோம், மூடியபடியே ஆறவிட்டோம், ஆறியதும் சட்டென்று எடை போட்டுக் கலந்தோம். உலை எரிந்தது, ஆறியது. கதவைத் திறக்க யாருக்கும் கை வரவில்லை. அண்ணிதான் திறந்தார். வில்லை முழுசாக இருந்தது. எடுத்து மேசைமேல் போட்டார். டிங் என்றது. மறுபடி போட்டார்.

"போதும்மா, உடைஞ்சிடப் போகுது" என்று தலைவர் பதறினார்.

"உடையாது சார்" என்றார் அண்ணி. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவையோரே, வெளியாள் வந்தால் கெட்டுவிடும் என்று கதவடைத்தால் எந்தக் கட்டமைப்பு நிற்கும்? வீடு நிற்குமா? ஊர் நிற்குமா? ஒரு வில்லையாவது நிற்குமா? எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் அண்ணி. அவர் வந்த பிறகுதான் அண்ணனும் நானும் சண்டை போடாமல் சாப்பிடுகிறோம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நெஞ்சார நன்றி. மாற்றல் உத்தரவு ரத்தாகிவிட்டது. அண்ணிக்கே இன்னும் தெரியாது, தலைவர் என்னைத்தான் சொல்லச் சொன்னார். அண்ணி, நீங்க எங்கயும் போக வேண்டாம். வணக்கம்.