வெல்மோர் கவுண்டியில அரசாங்க வேலை

இரும் பிள்ளை, அந்தப் பேப்பரில இன்னும் சைன் வைக்கேல்லத்தானே? அப்ப காணும், அவசரமில்ல. மனேஜர் எங்கயும் ஓடமாட்டார். தேத்தண்ணியைக் குடியும். கராமாவில இந்தக் கடைக்காரன்தான் எங்கட பதத்துக்கு ஊத்துவான்.

விசா கான்சல் பண்ணுறது சின்ன விசயமில்ல லக்சிகா. சைன் வைச்சா கலாஸ், துபாய் முடிஞ்சுது. இல்லை, போகவேண்டாமெண்டு நான் சொல்லேல்ல. புருசன் அமெரிக்காவில, நீர் இஞ்ச சுப்பர்மாக்கெற்றில பில் அடிச்சுக்கொண்டு. எனக்கு விளங்காதே? ஆனா உம்மட சுஜந்தனைக் கூட்டிக்கொண்டு போன அதே ஏஜென்சிக்காரன், அதே காட்டுப் பாதை. அதுதான்... சரி, விடும்.

போற இடத்தைத் தெரிஞ்சுகொண்டு போகவேணும். அமெரிக்காவில கவுண்டி எண்டா எங்கட மாவட்டம் மாதிரி. ஆனா வெல்மோருக்குள்ள கன யாழ்ப்பாணம் அடங்கும். முழுக்கப் பாலைவனம். மேற்கால மலை, நடுவில ஒரு ஆறு, மழை பெய்யாட்டி அதிலயும் தண்ணி மாஃபி, சொட்டுமில்ல. எனக்கெப்பிடித் தெரியுமெண்டோ? ஜெபல் அலியில எங்கட வெயார்ஹவுசுக்கு வாற மாட்டுப் புல்லு அங்கத்தையான் எல்லே. கொண்டெய்னர் கொண்டெய்னரா வரும். நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்ணியை உறிஞ்சிப் புல்லு வளத்து, இஞ்சத்தை மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அனுப்புறாங்கள். அங்கத்தைச் சனத்தின்ர கிணறுகள் வத்துதாம். அதுக்குக் கவுண்டிக் கூட்டத்தில நெடுகச் சண்டை.

முந்தி அது அங்கத்தைப் பூர்வீகச் சனத்தின்ர நிலம். பட்டாளம் வந்து கோட்டை கட்டி அவையளைக் கலைச்சது. பிறகு வெள்ளி கிடைச்சுது, சுரங்கம் வந்துது, ரயில் வந்துது. வெள்ளி முடிய ஊர் பாதி காலி. வெல்மோர் எண்டது ஒரு தளபதியின்ர பேர். அந்தாள் அந்தப் பக்கம் காலே வைக்கேல்லையாம். சிரியும், உம்மட சிரிப்பைக் கண்டு கனநாள்.

ஓம், ஓம், அரசாங்கத்துக்கு வாறன். எங்கட மாவட்டக் கந்தோருக்கு, அதுதான் கச்சேரிக்கு, ஜீ.ஏ. எண்ட அரசாங்க அதிபரைக் கொழும்பு அனுப்பும். அங்க அப்பிடியில்ல. அஞ்சு பேரைச் சனம் வோட்டுப் போட்டு எடுக்கும், வரி, ரோட்டு எல்லாம் அவையள்தான். பொலிசுக்குப் பெரியவன் ஷெரிப், அவனும் வோட்டிலதான் வரவேணும். வழக்குப் பேசுற கோடு, காணிக் கந்தோர் எல்லாம் ஒரே வளவுக்குள்ள. பின்பக்கம் ஒரு பெரிய கட்டிடம், ஊரிலயே அதுதான் பெரிசு.

ஓம் பிள்ளை. சுஜந்தன் இருக்கிற கட்டிடம்தான்.

மருமகனுக்கு அமெரிக்கன் கச்சேரியில வேலையெண்டு உம்மட அம்மா கோயிலில பொங்கினவவாம். களவா எல்லை கடந்தவனுக்கு அரசாங்க வேலை எப்பிடிக் கிடைச்சதெண்டு ஊரில ஒருத்தரும் கேக்கேல்ல. அரசாங்கம் எண்ட சொல்லுக் காதில விழுந்தா எங்கட சனத்துக்கு அதுக்கு மேல கேள்வி வராது. நீரும் கேக்கேல்ல. கேட்டிருந்தா நான் அண்டைக்கே மாட்டியிருப்பன்.

அவன் எனக்குக் கோல் எடுத்துச் சொன்னது இவ்வளவுதான். அண்ணை, வேலை கிடைச்சிட்டுது எண்டு மட்டும் சொல்லுங்கோ, இல்லாட்டி அவள் அழுவாள் எண்டான். கவுண்டி வேலை, யூனிபோம், சாப்பாடு, தங்குற இடம், அதெல்லாம் நான் சோடிச்சது. நீர் கோல் எடுத்து அங்க எப்பிடி அண்ணை, அங்க எப்பிடி எண்டு கேப்பீர். ரூமில என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறதில்ல பிள்ளை. வெயார்ஹவுசில பாய், ஜல்தி, கெதியா எண்டு கூப்பிடுறதோட சரி. நீர் கேக்கக் கேக்க நான் தேடித் தேடி வாசிச்சன். வாசிச்சதை உமக்குச் சொல்லேக்க சந்தோசமா இருந்தது. அந்தச் சந்தோசத்தை நினைச்சாத்தான் இப்ப என்னை எனக்கே பிடிக்கேல்ல. நவரத்தினம் அண்ணை சொல்லுறார் எண்ட நம்பிக்கையிலதானே நீர் வெளிக்கிடுறீர்.

வீடியோக் கோல் ஏன் எடுக்கிறானில்ல எண்டு கேட்டீர். ஒபிஸ் சட்டம் எண்டு சொன்னன். சட்டம்தான். அந்தக் கட்டிடம் ஷெரிப்பின்ர பொறுப்பில இருக்கிற மறியல்வீடு, சிறை. எல்லையில பிடிபட்ட ஆக்களையும் அதுக்குள்ளதான் வைச்சிருக்கினம். யூனிபோம் எண்டு நான் சொன்னது அங்க குடுக்கிற கைதி உடுப்பைத்தான்.

அழாதையும். இல்லை, அழும், அழுதாப் பரவாயில்ல. ஆனா அந்தப் பேப்பரை மட்டும் தொடாதையும்.

நேற்றுச் சுஜந்தன் கோல் எடுத்தவன். வழக்கு முடிஞ்சுதாம், இலங்கைக்கே திருப்பி அனுப்புறாங்களாம். நீர் அந்தக் காட்டுக்குள்ளால நடக்கேக்க, அவன் கட்டுநாயக்கா எயாப்போட்டில வந்து இறங்கியிருப்பான் பிள்ளை.