குறைக்குக் கதிரை இல்லை

மேடையிலே வீற்றிருக்கும் மன்றத் தலைவர் ஸெய்னுதீன் அவர்களே, முன் வரிசையிலே அழுத கண்ணோடு இருக்கும் பரீதா மிஸ்ஸின் மகள் ஹுஸ்னியா அவர்களே, கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு இந்த லிங்கநகர் மண்டபத்துக்கு அஞ்சலி செலுத்த வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே! எல்லோருக்கும் குலசிங்கத்தின் வணக்கம்.

நான் துறைமுகத்தில் இழுவைப் படகின் இயந்திர அறையிலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. போதாக்குறைக்கு முழங்கால் வருத்தம் வேறு. இப்படி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளதைச் சொன்னால், இன்று என்னை ஆட்டி வைப்பது முழங்கால் மாத்திரம் அல்ல. சற்று முன் தலைவர் அறிவித்தாரே, "தகுந்த ஒருவர் கிடைக்கும்வரை ஞாயிறுக் கூட்டங்களை நிறுத்தி வைக்கிறோம்" என்று! அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

யாருடைய கூட்டம் அது? மனக்கவலைக்கு ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளர் சித்தி பரீதா அவர்களின் கூட்டம்! அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் கால் நீட்டாமல், இந்த மண்டபத்தைத் திறந்து, வாழ்க்கையை மாற்ற விரும்புகிற எவரும் வரலாம் என்று அவர் தொடங்கிய கூட்டம். அதற்கு ஒரேயொரு விதிதான். குறை சொல்கிறவர் நின்றுகொண்டு சொல்லவேண்டும். விருப்பத்தைச் சொல்கிறவர் கதிரையில் இருந்து சொல்லலாம்.

இதென்ன கூத்து என்று முதல் நாளே சண்டை பிடித்தவன் நான். "என்ன மிஸ், கால் ஏலாத மனிசனை நிக்க வைக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"குலசிங்கம் அண்ணன், வேலை செஞ்ச காலமெல்லாம் எல்லாரையும் கதிரையில இருத்தித்தான் குறை கேட்டன். குறைக்குக் கதிரை குடுத்தா அது எழும்பாது. உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்க. இப்பவே இரிங்க."

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தால்தானே! வீட்டில் சும்மா இருக்க ஏலவில்லை, மகன் மதிக்கிறானில்லை, நான் வாய் திறந்தால் மனைவி குசினி அடுப்படிக்குப் போய்விடுகிறாள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கால் கடுத்தது. கடைசியில் ஆத்திரத்தில், "எனக்குச் செய்ய ஒரு வேலை வேணும்!" என்று கத்தினேன். "இரிங்க" என்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இந்த மண்டபத்தில் கதிரை அடுக்குவது என் வேலை. அந்த வேலை வந்த பிறகு வீட்டில் என் சத்தம் குறைந்தது என்று என் மனைவியே சொல்லுவாள், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

அதோ, மூன்றாம் வரிசையில் ஷாமிலா இருக்கிறார். சொல்லட்டுமா தங்கச்சி? தலையாட்டுகிறார், சொல்கிறேன். கணவர் மௌத்தாகித் தனித்துப்போன பிறகு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டித் தனியாக வர இவரால் ஏலவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கு வந்தார். "பயப்படாம இருக்கணும் மிஸ், அதுதான் என்ட விருப்பம்" என்று சொல்லிக் கதிரையில் இருக்கப் போனார். பரீதா மிஸ் விட்டாரா? "அது உங்களுக்கு வேணாம் எண்டுறது. வேணும் எண்டுறது என்ன?" என்று மறித்தார். பாவம், எத்தனை வாரம் நின்றார் இந்தப் பிள்ளை! எனக்கே மிஸ்ஸின் மேல் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள் மெல்லச் சொன்னார்: "கண்டியில படிக்கிற மகளைத் தனியாப் போய்ப் பாக்கணும்." அந்த நிமிடமே கதிரை கிடைத்தது. அடுத்த மாதம் போனார், தனியாகத்தான் போனார்! பயம் போய்விட்டதா என்று நான் கேட்டேன். "எங்க போச்சு? அதுவும் என்னோட பஸ்ஸில வந்திச்சு. நான் மகளுக்கு என்ன சமைச்சுக் குடுக்கிற எண்டு யோசிச்சுக்கொண்டு போனன்" என்றார்.

அப்படியென்றால் பரீதா மிஸ் துக்கம் தெரியாதவரா? யாராவது அப்படிச் சொன்னால் நான் விடமாட்டேன். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்தார். பெயர் வேண்டாம். பரீதா மிஸ் எழும்பித் தன் கதிரையை அந்தத் தாய்க்குக் கொடுத்தார். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் தானே நின்றார். விதியை மீறவில்லை பாருங்கள், அந்தத் தாய்க்குப் பதிலாக அவரே நின்றார். அப்படி ஒரு மனிசியை இனி எங்கே காண்போம்!

அவரைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் கண்டேன். கட்டிலருகே நின்று புலம்பித் தள்ளினேன். டொக்டர் இப்படிச் சொல்கிறார், நீங்கள் இல்லாவிட்டால் மன்றம் என்னாகும், யார் நடத்துவது, ஆட்கள் சிதறிப்போவார்கள் என்று ஒரே பாட்டு. அவர் விரலால் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். "நிண்டுகொண்டே கதைக்கிறீங்க அண்ணன். இருந்து சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்குத் தெரியும், என்ன வேண்டும் என்று. ஆனால் வாய் வரவில்லை. இவன் யார், எஞ்சின் அறையில் எண்ணெய் துடைத்தவன் என்று யாரும் சிரிப்பார்களோ என்று கூச்சம். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று தாதி வந்தார். "நாளைக்கு வந்து சொல்லுறன் மிஸ்" என்றேன். விடியவே செய்தி வந்துவிட்டது. அந்தப் பதில் இன்னும் என் தொண்டையில் கிடக்கிறது.

இன்று இந்த மேடையில் ஏறிய நாங்கள் எல்லோரும் என்ன சொன்னோம்? ஈடு செய்ய ஏலாத இழப்பு என்றோம். இனி யார் என்றோம். அவரைப் போல் ஒருவர் இல்லை என்றோம். ஐயோ, எல்லோரும் நின்றுகொண்டு குறைதானே சொன்னோம்! அவர் இருந்திருந்தால் ஒரேயொரு கேள்வி கேட்டிருப்பார்.

தலைவர் அவர்களே, எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது, தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதிரையை நான் இப்படி நடுவில் இழுத்துப் போடுகிறேன். அந்த ஒலிவாங்கியைக் கொஞ்சம் கீழே பதித்துவிடுங்கள். ஆ, சரி.

இருந்துவிட்டேன்.

பரீதா மிஸ், கேட்டீங்கள் எல்லே? சொல்லுறன். வாற ஞாயிறு இந்தக் கதவு திறக்கவேணும். கதிரைகளை வழமைபோல நான் அடுக்கவேணும். அடுக்கிப்போட்டு, முன்னுக்குக் கிடக்கிற உங்கட கதிரையில நான் இருந்து, வாற ஆக்களிட்ட "உங்களுக்கு என்ன வேணும்" எண்டு நான் கேக்கவேணும். அதுதான் எனக்கு வேணும்.

சபையோரே, உளவளத்துணை நான் படிக்கவில்லை. தலைவர் சொல்கிற தகுதியும் என்னிடம் இல்லை. ஆனால் அவையெல்லாம் குறைகள். அவற்றைச் சொல்வதென்றால் நான் எழும்பி நிற்கவேண்டும்.

நான் எழும்பமாட்டேன்.