பத்தடி பின்னால் வந்தவள்

உங்கள் காத்திருப்பு அறை நாற்காலிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும், டாக்டரம்மா. முதுகுக்கு அவ்வளவு இதம். வாராவாரம் தம்பியை உங்களிடம் அனுப்பிவிட்டு அதில்தான் சாய்ந்துகொள்வேன். வீட்டில் எனக்கு அந்த ஓய்வெல்லாம் ஏது?

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், பொய்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியது நீங்கள்.

தம்பியின் கோளாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். பார்க்கிறவர்கள் எல்லோரும் தன்னைக் கேலி செய்து சிரிக்கிறார்கள் என்ற நினைப்பு. அதனால் வங்கிக்குப் போகாமல் நீண்ட விடுப்பில் இருந்தான். நீங்கள் அவனிடம், "நாம நினைக்கிறது வேற, நடக்கிறது வேற. ஆதாரம் இருக்கான்னு பாத்துடலாம்" என்றீர்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெறும் பேச்சு. இது எங்கே பலிக்கப்போகிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பலித்துத் தொலைத்தது. கண்ணாடி முன் நின்று தலைவாரினான். சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தான். ஒருநாள், வங்கியில் அவனுக்குப் பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் கேஷியர் பெண்ணுக்கு அவனே வீட்டிலிருந்து போன் போட்டு, "வேலைக்கு வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றான். அந்த ஒன்று என்னவென்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. அம்மா இறந்தபோது அவன் தவழ்கிற குழந்தை. அன்றிலிருந்து சோறூட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, எனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து உட்கார்ந்திருப்பவள் நான். எவளோ ஒருத்தி நோகாமல் கொத்திக்கொண்டு போவதா? வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து நீங்கள் ஒரு சோதனை சொன்னீர்கள். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு அவன் கடைத்தெருவில் நடக்கவேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. "அக்கா பத்தடி பின்னாடி வருவாங்க. யாராவது சிரிச்சா அவங்க பாத்துச் சொல்வாங்க. அவங்களவிட நம்பிக்கையான ஆளு யாரு?" என்றீர்கள். நீங்கள் படித்தவர், நான் மறுத்துப் பேசலாமா?

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். ஒரு ஈ காக்கைகூட அவனைக் கவனிக்கவில்லை. பழக்கடைக்காரர் பேரத்தில் இருந்தார், செருப்புக்கடைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் நின்று என் முகத்தைப் பார்த்தான்.

"யாராவது சிரிச்சாங்களாக்கா?"

"பெருசா ஒண்ணும் இல்லடா."

அவ்வளவுதான் சொன்னேன். ரொம்ப மெனக்கெட்டால் பொய் பல்லிளித்துவிடும். அவன் கெஞ்சிய பிறகுதான், "ரெண்டு மூணு பேருதான், விடு" என்றேன். மறுவாரம் வேறு தெரு. அங்கே சிரித்தவர்கள் கூட்டத்தைக் கொஞ்சம் பெருக்கிச் சொன்னேன். உங்கள் ரிசப்ஷன் பெண் அங்கே காய்கறி வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அப்புறம் அந்தக் கேஷியர் பெண் வீடு தேடி வந்தாள். தம்பி தூங்குகிறான் என்று அனுப்பிவிட்டு, அவள் வாசலில் நின்று சிரித்ததை மட்டும் அவனிடம் சொன்னேன். அவள் சிரித்தது உண்மைதான். வணக்கம் சொல்லும்போது யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அன்று மாலையே வேலையை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதினான். தபாலில் சேர்த்தது நான்.

இப்போது அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அவன் வரமாட்டான். என்னை மட்டும் தனியாக வரச்சொல்லி நீங்கள் போன் செய்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்: "டாக்டரம்மாவும் ரிசப்ஷன் பொண்ணும் உன்னப் பத்திப் பேசிச் சிரிச்சிட்டிருந்தாங்கடா. என் காதால கேட்டேன்."

இனி உங்கள் பக்கமே வரமாட்டேன் என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்திதாங்க்கா என்னப் பாத்துச் சிரிக்காதவ" என்றான். நான் நல்ல அக்கா என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும், டாக்டரம்மா?