குறுக்கே கிடந்த தழை

வீரபாண்டி கௌமாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன் சார், இனி நான் பேசப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இதற்கு முன்னால் பேசினதைப் பற்றி ஆத்தாளும் கேட்கமாட்டாள், நீங்களும் கேட்காதீர்கள். சுருளியாண்டி வாயைத் திறந்தால் மழை இல்லாமலே முல்லையாற்றில் வெள்ளம் வரும் என்று எங்கள் ஊர் டீக்கடையில் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. இன்ஸ்பெக்டர் முன்னால் படுத்துக்கொண்டே பேசுகிறான் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீ ஆறுகிறது, குடித்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

என் மகன் சுரேஷ்கண்ணன் செத்ததற்கு நான்தான் காரணம். ‘தழையை மாத்திப் போட்டுட்டேன், என்னாலதான் அண்ணன் விழுந்தான்’ என்று என் மகள் அனுசுயா உங்கள் ஸ்டேஷனில் வந்து சொன்னாளாம். அவள் சொன்னதை அடித்துவிடுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தழை என்றால் என்ன என்று போன தடவை வந்தபோது கேட்டீர்கள். மலையிலிருந்து ஏலக்காய் மூட்டையைக் கழுதைமேல் இறக்கிய காலத்துப் பழக்கம் அது. பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவன் பச்சைத் தழையை ஒடித்துப் போட்டு, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லை வைப்பான். தழை குறுக்கே கிடந்தால் இந்த வழி வராதே. நீளவாக்கில் கிடந்தால் நான் இப்படித்தான் போயிருக்கிறேன், வா. கழுதைகள் போய் கியர் சைக்கிள் வந்துவிட்டது, சட்டம் அதேதான். அங்கன போனில் சிக்னல் கிடையாது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்குகிறவனுக்கு நின்று யோசிக்க நேரமும் கிடையாது. தழையைப் பார்ப்பான், திரும்புவான். முன்னால் போனவரை நம்பாமல் அந்தக் காட்டில் யாரும் சைக்கிள் ஓட்ட முடியாது.

கண்ணனுடைய சைக்கிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது பார்க்கிற மாதிரி இல்லை அது. டயர் பலாக்காய்த் தோல் மாதிரி முள்ளுமுள்ளாக இருக்கும். ஒருதரம் பாறையிலிருந்து குதித்தவன், கீழே நின்ற காட்டுமாட்டின் முதுகுமேல் இறங்கி, கொம்பு வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், மறுபக்கம் இறங்கினான். மாடு மேய்ச்சலை நிறுத்தவில்லை. இதை எழுதவேண்டாம், சும்மா தெரிந்துகொள்ளச் சொன்னேன். அனுசுயா அப்படியெல்லாம் பறக்கமாட்டாள். உத்தமபாளையத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறவள், விசில் ஊதாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அதனால்தான் எப்போதும் அவளை முன்னால் அனுப்புவான்.

எஸ்டேட் ரோடு முடிகிற இடத்தில் கிளம்புகிற பாதை, சோலையைத் தாண்டிப் பாறைமேட்டில் இரண்டாகப் பிரிகிறது. வலதுபக்கம் வனத்துறை செக்போஸ்டுக்கு இறங்கும். பாஸ் வாங்கினவர்கள் போகலாம், இவர்களும் வாங்கித்தான் போனார்கள். இடதுபக்கம் பழைய கழுதைப்பாதை. புலிக்காட்டு ஓரமாகவே வந்து என் திராட்சைத் தோட்டத்து வேலிக்குப் பின்னால் முடியும். அதில் யாரும் போகக்கூடாது என்று வனத்துறை கம்பி கட்டியிருந்தது. ஐப்பசி மழையில் கம்பியும் போய்விட்டது, நடுவில் பாதையும் கொஞ்சம் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணன் லீவுக்கு வந்திருந்தான். செயின் கழன்றது, அவன் நின்றான். ‘நீ போ, நான் மாட்டிட்டு வாரேன்’ என்று அனுசுயாவை அனுப்பிவிட்டான். அவள் பாறைமேட்டுக்கு வந்தாள், தழை ஒடித்தாள், இடதுபாதைக்குக் குறுக்கே போட்டாள், கல் வைத்தாள், வலதுபக்கம் இறங்கிவிட்டாள். குறுக்கேதான் போட்டாள் சார். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நான் எப்படி அங்கே ஏறினேன் என்றால், தோட்டத்திலிருந்து நடந்துதான் ஏறினேன். பாதி வழியில் ஒற்றை யானை நின்றது. என்னைப் பார்த்ததும், வயசானவர் வருகிறார் என்று ஒதுங்கி வழி விட்டது. சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே எழுதலாம், தடையில்லை.

அவள் போன பிறகு நான் எழுந்து வந்து, கல்லை எடுத்து, தழையை நீளவாக்கில் திருப்பி வைத்தேன். காம்பு மேலே, நுனி கீழே. திரும்பக் கல்லை வைத்தேன். செய்தது இவ்வளவுதான். ஒரு தழையைத் திருப்புவதற்கு உடம்பில் பெரிய தெம்பு வேண்டியதில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். தை பிறந்தால் அவன் கனடா போகிறான். அங்கே பனிக்குள் சைக்கிள் ஓட்டுவார்களாம், படம் காட்டினான். போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கேட்டுவிடுவான். கேட்டுவிட்டால், அப்புறம் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பனி அவன் கண்ணுக்குள் நிற்கும். பிள்ளையை அப்படி வருத்தப்பட வைக்கலாமா? அதனால் வேறு வழி யோசித்தேன்.

கால் ஒடிந்த பிள்ளை வீட்டில் இருப்பான். இதில் தப்பாக என்ன இருக்கிறது சொல்லுங்கள். மாவுக்கட்டு போட்டுக் கட்டிலில் கிடப்பான், நான் கஞ்சி ஆற்றிக் கொடுப்பேன், ரெண்டு கதை சொல்வேன். விசாவுக்கு ஒரு தேதி உண்டு, அது தானாகத் தாண்டிவிடும். நான் போகாதே என்று சொன்னதாகவும் ஆகாது. முந்தின நாளே போய்ப் பாதை எங்கே பிய்ந்திருக்கிறது என்று பார்த்து வைத்தேன். பள்ளம் ஆள் உயரம்தான் இருக்கும் என்று பட்டது. ஒற்றைப் பனை உயரம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் இறங்கிப் பார்த்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பு, அவ்வளவுதான் நான் நினைத்தது. அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

கண்ணன் வந்தான். தழையைப் பார்த்தான். இந்தப் பக்கமா என்று ஒரு நொடி மூடிய பாதையைப் பார்த்துத் தயங்கினான். அப்புறம், தங்கச்சி வைத்த தழை ஆயிற்றே, திரும்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. நான் உடனே போகவில்லை. நன்றாகப் பயந்தால்தான் மலையேறும் புத்தி விடும் என்று, இடுப்பிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நிதானமாக வெற்றிலை போட்டேன். சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு இறங்கினேன். ஓடைக்குள் கிடந்தான். தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“அப்பா, நீங்களா? எப்பிடி வந்தீக?”

“யானை மேல வந்தேன்டா. அங்கன கட்டிப் போட்டிருக்கேன்.”

“பொய் சொல்லாதீக.”

“நெசமாத்தான். எந்திரி, ஒன்னையும் ஏத்திக்கிட்டுப் போறேன். நீ முன்னால உக்காரு. கியர் எல்லாம் அது காதுலதான் இருக்கு.”

சிரித்தான். சிரித்தால் வலித்தது அவனுக்கு, ஆனாலும் சிரித்தான். தண்ணீர் கேட்டான், கையில் ஏந்திக் கொடுத்தேன். குடித்தான். அப்புறம் சொன்னதைத்தான் நீங்கள் அப்படியே எழுதவேண்டும், ஒரு எழுத்து மாறக்கூடாது.

“அனு அழுவா. தழை சரியாத்தான் கெடந்துச்சுன்னு அவகிட்டச் சொல்லுங்கப்பா.”

இதைத் தனியாக ஒரு தாளில் எழுதி அவளிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள். பிறந்ததிலிருந்து என் கதையைக் கேட்டு வளர்ந்தவள். போலீஸ் எழுத்து என்றால் நம்புவாள்.

அவள் செக்போஸ்டில் காத்திருந்து பார்த்துவிட்டு, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி ஏறி வந்து பார்க்கும்போது அண்ணன் ஒத்தையில் கிடந்தான் என்கிறாள். அதையும் அடித்துவிடுங்கள். அவள் வருகிற சத்தம் கேட்டு நான்தான் புதருக்குள் நழுவிவிட்டேன். செய்த காரியத்துக்கு மகள் முகத்தில் விழிக்க வெட்கம். மற்றபடி அவன் ஒத்தையில் கிடக்கவில்லை சார். கடைசிவரைக்கும் ஆள் பக்கத்தில் இருந்தது. பேச்சுச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கதை முடிவதற்கு முன்னால் தூங்கிவிட்டான், சின்னப்பிள்ளையில் தூங்குகிற மாதிரி. இதில் சந்தேகம் இருக்கக்கூடாது, அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

அனுசுயாவை நீங்கள் வெளியே பார்த்திருப்பீர்கள். தினமும் வருகிறாள். வார்டு வாசல்படியைத் தாண்டமாட்டேன் என்கிறாள். உள்ளே வா ஆத்தா என்று கூப்பிட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கழுத்தில் விசில் இல்லை. தலை சீவுவதில்லை. நர்ஸம்மா டிபன் வாங்கிக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டு, போகும்போது நாய்க்குப் போட்டுவிடுகிறாள். ‘அப்பா, குறுக்கப் போட்டேனா நீளமாப் போட்டேனான்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல’ என்றாள் ஒருநாள், வாசலில் நின்றபடி. மழைக்காட்டில் சருகும் தழையும் ஆயிரம் கிடக்கும், காற்று எதையும் புரட்டும். அதையெல்லாம் அவளிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. காற்றை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. காற்றைப் பிடித்து ஸ்டேஷனில் வைக்க முடியாது, அதுதான் சிக்கல். ஒரு ஆள் வேண்டும். நான் இருக்கிறேன். எனக்கு ரெண்டு பிள்ளைகள். ஒன்று போய்விட்டது. மற்றது அந்த வாசலில் நின்றபடியே போய்க்கொண்டிருக்கிறது.

அவள் பேரை எடுத்துவிட்டு என் பேரை எழுதுங்கள். சுருளியாண்டி, அனுமந்தன்பட்டி. தழையைத் திருப்பினவன் என்று போடுங்கள். கைரேகை வைக்கிறேன், மை இருந்தால் கொடுங்கள். ஜெயிலில் எனக்குக் குறை இருக்காது, அங்கன கதை கேட்க ஆள் நிறைய.

பேனாவை மூடிவிட்டு, எப்போது இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து நான் இந்தக் கட்டிலுக்கு வந்தது, கண்ணன் விழுந்ததற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. அதைக் கேள்விப்பட்டுத்தான் அவன் பெங்களூரிலிருந்து பஸ் ஏறினான்.